காய்ச்சலை அறைக்குள் ஒளித்து வைக்காதீர்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து எல்லோரும் ஊரிலிருந்து விடுதிக்குத் திரும்பியிருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்திருக்கும். துவைத்த துணி அறைக்குள்ளேயே தொங்கும், ஜன்னல் சாத்தியே கிடக்கும். ஓர் அறையில் நாலு பேர், சில இடங்களில் எட்டுப் பேர். சென்னையில் ஃப்ளூ காய்ச்சல் பெரும்பாலும் தலைதூக்குவது இந்த அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான். சில ஆண்டுகளில் கோடைக்கு முன்னும் ஒரு சுற்று வரும். 2023 மார்ச்சில் எச்3என்2 வகை பரவியபோது தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது.

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்காக இந்த அத்தியாயம். உங்களில் பலர் வீட்டை விட்டு வெளியே தங்குவது இதுவே முதல் முறை. காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க அம்மா இல்லை. ஆகவே நான் முதலில் சொல்ல விரும்புவது மருந்தைப் பற்றி அல்ல. காய்ச்சல் வந்த அன்றே, அது ஏறத் தொடங்கிய அந்த மாலையே, இரண்டு பேரிடம் சொல்லிவிடுங்கள். ஒருவர் அறைத் தோழர், இன்னொருவர் வார்டன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சொல்வதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். ஆனால் விடுதிகளில் நடப்பது வேறு. வருகைப்பதிவு குறையுமே என்ற பயம், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம், தன்னால் மற்றவர்களுக்கு வந்துவிட்டது என்ற பேச்சு வருமோ என்ற கூச்சம். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, தலைவலி" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். ஊரிலிருந்து போன் வந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லாத்தாம்மா இருக்கேன், சாப்பிட்டேன்" என்பார்கள். அறைக்காரர்கள் காலையில் கிளம்பிப் போனால் மாலைதான் திரும்புவார்கள். அந்த எட்டு மணி நேரம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆள் இல்லாமல் படுத்திருப்பதுதான் விடுதிக் காய்ச்சலின் உண்மையான ஆபத்து. ஃப்ளூ இளைஞர்களைப் பெரும்பாலும் நாலைந்து நாளில் விட்டுவிடும். விடாத ஒருவரை நேரத்தில் கண்டுபிடிக்க, பக்கத்தில் ஒரு கண் வேண்டும்.

இந்த நோய்க்கும் துறைமுகத்துக்கும் பழைய உறவு உண்டு. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ராஜுலா என்ற பயணிகள் கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். ஆசியா முழுதும் பரவிக்கொண்டிருந்த புதுவகை ஃப்ளூ இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் அதுதான். அடுத்த பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் 44 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் காய்ச்சல் பதிவாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பல் தளத்தில் நெருங்கிப் படுத்திருந்தவர்களுக்கும் இன்று அடுக்குக் கட்டிலில் மேலும் கீழும் படுத்திருப்பவர்களுக்கும் கிருமியின் கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது. உடம்புக்குள் புகுந்த ஒன்று முதல் நாலு நாளுக்குள் காய்ச்சல் வெளிப்படும். வெளிப்படுவதற்கு ஒரு நாள் முன்பே அது அடுத்தவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை தொற்றும். அதனால் "உன்னால்தான் வந்தது" என்று யாரையும் சொல்வதில் பொருளில்லை. தனக்கே தெரியாத ஒரு நாளில் அவர் பரப்பியிருப்பார்.

ஃப்ளூதானா?

காலையில் வகுப்பில் நன்றாக உட்கார்ந்திருந்தவர் மாலையில் குளிரில் நடுங்குவார். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, தலைவலி, வறட்டு இருமல், தொண்டைக் கரகரப்பு, எழுந்து நிற்க முடியாத அசதி. சாதாரண ஜலதோஷம் மூக்கில் தொடங்கி மெல்ல மெல்ல வரும். ஃப்ளூ ஒரே மாலையில் ஆளைச் சாய்க்கும்.

மழைக்காலத்தில் வட சென்னையில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும், டெங்கு. அதிலும் முதல் இரண்டு நாள் இதே காய்ச்சல், இதே உடல்வலிதான். ஆனால் இருமலும் மூக்கொழுகலும் அநேகமாக இருக்காது. கண்ணுக்குப் பின்னால் வலி, வாந்தி, தோலில் சிவப்புத் தடிப்பு என்று போகும். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்குவில் கவனிக்க வேண்டிய நேரம். மூன்றாம் நாளுக்கு மேல் காய்ச்சல் விட்டும் வயிறு வலித்தாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேங்கிய மழைநீரில் நடந்தவருக்குச் சில நாள் கழித்து காய்ச்சலோடு கண் சிவந்து, கெண்டைக்கால் தொட முடியாமல் வலித்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அது அவருக்குத் தெரிய வழியில்லை.

இந்தப் பகுதிக்கே உரிய மற்றொரு குழப்பம் காற்று. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மீனவக் குடும்பங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடின, பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் மாணவிகள் திடீரென்று மூச்சுத்திணறி மயங்கினார்கள். வாயுவால் வரும் தொல்லைக்கும் ஃப்ளூவுக்கும் வேறுபாடு எளிது. வாயு என்றால் அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கண் எரியும், தொண்டை காந்தும், காய்ச்சல் இருக்காது. அப்படி நேர்ந்தால் படுத்திருக்கக் கூடாது. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்காக நடந்து அந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள். காய்ச்சலில் படுத்திருக்கும் தோழரையும் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போங்கள்.

ஜன்னலைத் திறப்பதா, சாத்துவதா?

ஃப்ளூவுக்கு நல்லது காற்றோட்டம். எந்தப் புத்தகமும் ஜன்னலைத் திற என்றுதான் சொல்லும். ஆலைகள் நிறைந்த மணலிக்குக் கிழக்கே இருக்கும் அறையில் படுத்துக்கொண்டு அதைப் படிப்பவருக்கு வெறுப்பாக இருக்கும். திறந்தால் வருவது கெட்ட நாற்றம். திறக்காவிட்டால் நாலு பேர் மூச்சும் ஒரே அறையில் சுற்றும்.

இதற்கு நான் சொல்வது நேரம் பார்த்துத் திறப்பது. பொதுவாகப் பகல் ஏறியபின் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும், அது ஆலைகளைத் தாண்டி வருவதில்லை. இரவிலும் விடியலிலும் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். அப்போதுதான் மணலிப் பக்கத்து நாற்றம் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் வந்து சேர்கிறது. ஆகவே மதியத்திலிருந்து மாலை வரை கடல் பக்கத்து ஜன்னலையும் எதிரே உள்ள கதவையும் அகலத் திறந்து வையுங்கள். இரவில் நாற்றம் வந்தால் மேற்குப் பக்கத்தைச் சாத்திவிட்டு, வராந்தாப் பக்கக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தால் போதும். வாடைக்காற்று வீசும் மழை நாட்களில் இந்தக் கணக்கு மாறும். மூக்கு சொல்வதைக் கேளுங்கள். ஏற்கெனவே வீசிங் உள்ளவர்கள் இன்ஹேலரைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஃப்ளூவும் புகையும் சேர்ந்தால் மூச்சு இறுக அதிக நேரம் ஆகாது.

காலி அறை ஒன்று இருந்தால் காய்ச்சல்காரருக்கு அதைத் தரச் சொல்லி வார்டனிடம் கேளுங்கள். இல்லையென்றால் கீழ்க்கட்டில், ஜன்னலோரம். தலையும் தலையும் அருகருகே வராதபடி பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். காய்ச்சல்காரர் அறைக்குள்ளும் முகக்கவசம் போட்டால் நல்லது. இருமும்போது மூச்சு முட்டினால் வற்புறுத்தாதீர்கள், துணை இருப்பவர் போட்டுக்கொள்ளட்டும். டம்ளர், தட்டு, துண்டு தனியாக இருக்கட்டும். ஒரே சிகரெட்டை மூன்று பேர் மாற்றி மாற்றி இழுக்கும் பழக்கம் அந்த வாரமாவது நிற்க வேண்டும். நிரந்தரமாக நின்றால் இன்னும் மகிழ்ச்சி.

கஞ்சியும் தண்ணீரும்

ராயபுரத்துப் பெரியவர்களிடம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டால், "கஞ்சித்தொட்டியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். 1782 பஞ்சகாலத்தில் பசியோடு வந்த மக்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை அது. மருந்துக்கு முன்னால் கஞ்சி என்பது இந்த மண்ணில் பழைய ஏற்பாடு. உங்கள் மெஸ்ஸிலும் அதைக் கேட்டு வாங்கலாம். சமையல் அண்ணனிடம் முதல் நாள் மாலையே போய், "அண்ணே, ரூம்ல ஒருத்தனுக்குக் காய்ச்சல், காலைல கொஞ்சம் கஞ்சி வேணும்" என்று சொல்லி வையுங்கள். காலை எட்டு மணிக்கு, இட்லித் தட்டுகள் ஏறி இறங்கும் நெரிசலில் போய்க் கேட்டால் அவரால் முடியாது. முதல் நாளே சொன்னால் சாதத்தை இன்னும் கொஞ்சம் குழைய விட்டு, வடித்த நீரைச் சேர்த்து உப்புப் போட்டுத் தனியாக எடுத்து வைப்பார். மூடி போட்ட தூக்குவாளி ஒன்று அறைக்கு அவசியம். கஞ்சி ஆறாமல் மேல் மாடிக்கு வந்து சேரும்.

மெஸ்ஸில் ஆகாவிட்டால் அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். காசிமேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் நண்டு ரசம்தான் சளிக்கு மருந்து என்பார்கள். வயிறு ஏற்றுக்கொண்டால் தாராளமாகக் குடிக்கலாம், சூடும் உப்பும் நீரும் சேர்ந்து உள்ளே போகிறதே. பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடையில் கிடைக்கும் வாழைத்தண்டு சூப்பும் அப்படித்தான். அத்தோவை மட்டும் காய்ச்சல் விட்டபிறகு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் புளியும் பொரித்த வெங்காயமும் பட்டினியாகக் கிடந்த வயிற்றுக்கு ஆகாது.

சாப்பாடு இரண்டு நாள் குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது, தண்ணீர் குறைந்தால் ஆகும். சிறுநீர் மஞ்சள் அடர்ந்து போனால், ஆறு மணி நேரமாகச் சிறுநீரே வராவிட்டால், நீர் போதவில்லை என்று பொருள். ஒரு லிட்டர் பாட்டிலைக் கட்டிலருகே வைத்து, வகுப்புக்குப் போகிறவர் கிளம்பும் முன் நிரப்பி வைத்துவிட்டுப் போகட்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். அரை டம்ளரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டிக் குடிப்பது தவறு, உப்பு அளவுக்கு மீறிப் போகும்.

மாத்திரைக் கடை வாசலில்

"ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு மாத்திரை குடுங்க" என்று கேட்டு, பெயரில்லாத காகிதப் பொட்டலத்தில் நாலு நிற மாத்திரைகளை வாங்கி விழுங்கும் வழக்கத்தை நான் கைகூப்பி வேண்டாம் என்பேன். அதில் அநேகமாக ஆன்டிபயாடிக் ஒன்று இருக்கும். ஃப்ளூ வைரஸை ஆன்டிபயாடிக் தொடாது. 2023 மார்ச்சில் காய்ச்சல் பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே இதை வெளிப்படையாக எச்சரித்தது. ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருந்தால் சிக்கல் கூடும். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை புரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். ரத்தக்கசிவை அவை கூட்டும். கிளினிக்கில் போய், "ஊசி போடுங்க டாக்டர், நாளைக்குப் பரீட்சை" என்று கேட்காதீர்கள். ஊசி நோயின் நாட்களைக் குறைப்பதில்லை.

பெரியவர்களுக்குக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு மணி நேர இடைவெளி விட்டு, நாளொன்றுக்கு நாலைத் தாண்டாமல். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு இரட்டிப்பாகும், கல்லீரல் பாதிக்கப்படும். போட்ட மாத்திரையையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காய்ச்சல் மயக்கத்தில் போட்டோமா இல்லையா என்பது நினைவிருக்காது. நிலவேம்புக் குடிநீர் அரசு முகாம்களில் தருகிறார்கள். விருப்பமுள்ளவர்கள் குடிக்கலாம், ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப் போடக் கூடாது.

ஃப்ளூவுக்கென்றே உள்ள மருந்து ஓசெல்டாமிவிர். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது, எல்லோருக்கும் தேவையும் இல்லை. அரசின் வழிகாட்டுதல் காய்ச்சல்காரர்களை மூன்றாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சலும் இருமலும் உள்ளவர்கள் ‘ஏ’. இவர்களுக்கு ஓய்வு போதும், பரிசோதனையோ இந்த மருந்தோ வேண்டாம், ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தால் சரி. கடும் காய்ச்சலும் தொண்டைவலியும் உள்ளவர்களும், ஆஸ்துமா, சர்க்கரை, இதயநோய் போன்றவை உள்ளவர்களும் ‘பி’. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், நகமும் உதடும் நீலமாவது எல்லாம் ‘சி’. அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும். மருந்து தேவைப்படுகிறவருக்கு முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம். முதல் நாளே சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே போவது, எப்போது போவது?

‘ஏ’ வகைக்கும் சந்தேகத்துக்கும் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமோ நலவாழ்வு மையமோ போதும். நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்குகின்றன. வகுப்பு முடித்து வந்து தோழரை அழைத்துப் போக மாலை நேரம் தோதானது. மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்காவிட்டாலோ, இறங்கி ஒரு நாள் நன்றாக இருந்து மறுபடி ஏறினாலோ ஸ்டான்லிக்குப் போய்விடுங்கள். இறங்கி மறுபடி ஏறுவது நிமோனியா பிடிப்பதன் அடையாளமாக இருக்கலாம். அங்கே ஓ.பி. காலையில்தான், சீக்கிரமே போய் வரிசையில் நிற்க வேண்டும். ‘சி’ அறிகுறி எது தெரிந்தாலும் ஓ.பி. நேரத்தைப் பார்க்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவு இரவும் பகலும் உண்டு, 108ஐக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் மாடிக்கு ஒன்று வைத்திருந்தால் நல்லது. 94க்குக் கீழே காட்டினால், விரலைத் துடைத்து, கை குளிர்ந்திருந்தால் சூடாக்கி, மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் கிளம்புங்கள்.

தனியாக யாரையும் அனுப்பாதீர்கள். ஓ.பி. சீட்டு, பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் அன்றே போனில் படமெடுத்து வையுங்கள். பல பல்கலைக்கழகங்களில் 75 சதவீத வருகை வேண்டும். கொஞ்சம் குறைந்தால் மருத்துவக் காரணம் காட்டி விலக்குக் கேட்கலாம். அந்தச் சான்றிதழை நோய் முடிந்து பத்து நாள் கழித்துத் தேடி அலைவதைவிட, முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போதே கேட்டுவிடுவது சுலபம்.

வீட்டுக்குப் போகும் ஆசை முதல் நாளே வரும். அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் காய்ச்சல் கொதிக்கும்போது முன்பதிவில்லாப் பெட்டியில் பத்து மணி நேரம் நின்றுகொண்டு போவது உங்களுக்கும் கேடு, பக்கத்தில் நிற்கும் கைக்குழந்தைக்கும் கேடு. வீட்டில் தாத்தா பாட்டி இருப்பார்கள், அவர்களுக்கு ஃப்ளூ உங்களைவிடக் கொடியது. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு கிளம்புங்கள். வகுப்புக்குத் திரும்புவதற்கும் அதே அளவுகோல்தான். அதுவரை தினமும் ஒரு முறை வீட்டுக்கு வீடியோவில் பேசுங்கள், முகத்தைக் காட்டுங்கள். குரலில் மறைப்பது முகத்தில் மறையாது.

எழுந்த பிறகு

காய்ச்சல் போனாலும் அசதியும் இருமலும் இரண்டு வாரம் இழுக்கும். வட சென்னைப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் பாக்சிங்கும் உயிர். அங்கேதான் அவசரம் கூடாது. ஃப்ளூ அபூர்வமாக இதயத் தசையையும் தாக்கும், அந்த நேரத்தில் மூச்சிரைக்க ஓடினால் ஆபத்து. காய்ச்சல் நின்று குறைந்தது ஒரு வாரமாவது விட்டு, முதலில் நடை, பிறகு மெது ஓட்டம், அதன்பின் மைதானம். மாடி ஏறும்போதே படபடப்போ நெஞ்சுவலியோ வந்தால் பயிற்சியாளரிடம் சொல்வதோடு நில்லாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தடுப்பூசி ஆண்டுக்கொரு முறை போட வேண்டியது. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லாததால் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்களும், நோயாளிகளோடு பழகும் மருத்துவ, நர்சிங் மாணவர்களும் எப்படியாவது போட்டுக்கொள்வது நல்லது. நம் ஊர் மழையை ஒட்டி ஃப்ளூ வருவதால் செப்டம்பருக்குள் போட்டுவிட வேண்டும், உடம்பு எதிர்ப்பைத் திரட்ட இரண்டு வாரம் ஆகும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியும் நிற்கவில்லை, மாலையில் லேசாக உடம்பு சுடுகிறது, எடை குறைகிறது என்றால் ஃப்ளூவின் மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். நெருக்கமான விடுதிகளில் காசநோயும் இப்படித்தான் சத்தமில்லாமல் தொடங்கும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சளிப் பரிசோதனை இலவசம், மாத்திரையும் இலவசம். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து இருமி, நெஞ்சிலிருந்து வரும் சளியை அவர்கள் தரும் டப்பாவில் எடுத்துக்கொண்டு போங்கள். எச்சிலை எடுத்துப் போனால் சோதனையில் ஒன்றும் தெரியாது.